அழைப்பு வருகிறது, வேலை வருகிறதா?

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லஸுக்கு வடக்கே பிளேனோ என்ற ஊரில் என் சித்தியின் மகள் நோட்டரியாக இருக்கிறாள். கறுப்புக் கோட்டும் சிவப்பு முத்திரையுமாகக் கோர்ட் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் நம் ஊர் நோட்டரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவளுக்கு ஆபீஸ் கிடையாது. கார்தான் ஆபீஸ். பின் சீட்டில் ஒரு லேசர் பிரிண்டர், இரண்டு கட்டு காகிதம், நீல மசிப் பேனாக்கள், ரப்பர் ஸ்டாம்ப், ஒரு பதிவேடு. யாருடைய கையெழுத்துக்குச் சான்று வேண்டுமோ அவர்கள் வீட்டுக்கே போகிறாள். வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதுதான் முக்கிய வருமானம். அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்பவர்களை மொபைல் நோட்டரி சைனிங் ஏஜென்ட் என்கிறார்கள்.

இவர்களுக்கென்றே அங்கே இன்டர்நெட்டில் டைரக்டரிகள் இருக்கின்றன. ஊர், தபால் குறியீட்டு எண் வாரியாகப் பெயரும் போன் நம்பரும் போட்டு வைப்பார்கள். சிலவற்றில் இலவசம். சிலவற்றில் வருடச் சந்தா. கூடுதலாகப் பணம் கட்டினால் பட்டியலில் மேலே ஏற்றி வைப்பார்கள். என் தங்கை இப்படி நான்கு டைரக்டரிகளில் இருந்தாள். 2024 கடைசியில் ஒருநாள் போனில் கேட்டாள்: "வருஷா வருஷம் கட்டிக்கிட்டே இருக்கேன் அண்ணா. இதனால வேலை வருதா இல்லையான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நானும் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு போன் பக்கத்திலேயே காத்திருக்கும் இனத்தைச் சேர்ந்தவன். மதுரையில் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, பத்திரிகை வேலைக்காக டெல்லி வந்து, சம்பளம் போதாமல் பத்திரங்களை மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பட்டா, உயில், விவாகரத்துத் தீர்ப்பு. இருபது வருடமாக ஏதாவது ஒரு டைரக்டரிக்குச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் அவளுக்குப் பதில் அவசரமாகத் தேவைப்பட்டது. கணவருக்கு 2023-இல் சாஃப்ட்வேர் வேலை போயிற்று. எச்-1பி விசாவில் இருப்பவர் வேலை போனால் அடுத்ததைத் தேடிக்கொள்ள 60 நாள் அவகாசம். ஐம்பத்தோராவது நாள் கிடைத்தது, குறைந்த சம்பளத்தில். அதுவரை கைச்செலவுக்கு என்றிருந்த நோட்டரி வருமானம் அன்றிலிருந்து வீட்டு வாடகையின் ஒரு பகுதி.

அங்கே நோட்டரி ஆவது சுலபம். இந்தியாவில் 1952-ஆம் வருட நோட்டரிகள் சட்டமும் 1956-ஆம் வருட விதிகளும் இருக்கின்றன. பொதுவாகப் பத்து வருடம் வக்கீல் தொழில் செய்தவர்தான் விண்ணப்பிக்க முடியும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழு வருடம். டெக்சாஸில் சட்டப் படிப்பே தேவையில்லை. பதினெட்டு வயது, மாநிலத்தில் வசிப்பு, 10,000 டாலருக்கு ஒரு ஜாமீன் பத்திரம், குற்றப் பின்னணி இல்லாமை. நான்கு வருடத்துக்கு நியமனம். ஒருகாலத்தில் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. மெக்சிகோவில் பிறந்த பெர்னால் என்பவர் தொடுத்த வழக்கில் 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கமாக, அது செல்லாது என்றது. நம் பெண்கள் அங்கே இந்தத் தொழிலுக்கு வர முடிந்ததற்கு முகம் தெரியாத அந்த மனிதருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

சுலபமாக நுழைய முடிகிற தொழிலில் கூலி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சான்றளிக்கும் கட்டணத்துக்கு மாநிலமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. டெக்சாஸில் முதல் கையெழுத்துக்கு 6 டாலர் என்றிருந்தது, 2023 செப்டம்பரில்தான் 10 டாலராயிற்று. இதை வைத்து பெட்ரோல்கூடப் போட முடியாது. பிழைப்பு கடன் பத்திரங்களில்தான். ஒரு கட்டில் நூறு, நூற்றைம்பது பக்கம் இருக்கும். ஈமெயிலில் வரும். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், கடன் வாங்குபவரின் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, எங்கே கையெழுத்து, எங்கே சுருக்கொப்பம், எங்கே தேதி என்று காட்டி வாங்க வேண்டும். "இந்த வட்டி எனக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டால் வாய் திறக்கக் கூடாது. அது சட்ட ஆலோசனையாகிவிடும். ஒரு கையெழுத்து விட்டுப்போனால் மறுபடியும் தன் செலவில் ஓட வேண்டும். இதற்கு அவளுக்குக் கிடைப்பது 80-லிருந்து 125 டாலர்.

2020, 2021-இல் அவள் ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. அமெரிக்காவில் 30 வருட வீட்டுக் கடன் வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதத்துக்கு இறங்கியது. அதுவரை யாரும் பார்த்திராத அளவு. வீடு வைத்திருந்த ஒவ்வொருவரும் பழைய கடனை அடைத்துவிட்டுக் குறைந்த வட்டியில் புதுக் கடன் வாங்க ஓடினார்கள். கொரோனா பயத்தில் ஆபீசுக்குப் போக யாரும் தயாரில்லை. நோட்டரி வீட்டு வாசலுக்கு வந்து, கார் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். ஒரே நாளில் நான்கு வேலை பார்த்த நாட்கள் உண்டு. அப்போதுதான் அவள் டைரக்டரிகளில் சேர்ந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. சந்தாப் பணம் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

2022-இல் வட்டி ஏறத் தொடங்கியது. 2023 அக்டோபரில் 7.79 சதவீதம். இரண்டே முக்கால் சதவீதத்தில் கடன் வைத்திருப்பவர் எதற்காக அதை மாற்றுவார்? வாரத்துக்கு இரண்டு வேலை வந்தால் பெரிது என்றாயிற்று. வீட்டின் மதிப்பின் மேல் பணமாகக் கடன் வாங்குபவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் டெக்சாஸ் அரசியல் சட்டத்திலேயே அதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அத்தகைய கடனுக்குக் கடன் கொடுப்பவர், வக்கீல் அல்லது டைட்டில் கம்பெனி, இவர்களில் ஒருவருடைய ஆபீசில்தான் கையெழுத்தாக வேண்டும். சாப்பாட்டு மேஜைக்கு இடமில்லை. டைரக்டரியில் அவள் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே போட்டோ, அதே ஐந்து நட்சத்திரம், அதே சந்தா. போன்தான் அடிக்கவில்லை.

அப்படியானால் 2021-இல் வேலையைக் கொண்டுவந்தது டைரக்டரியா, வட்டி விகிதமா? எனக்கு இதில் சந்தேகமில்லை. அணை நிரம்பி வழியும்போது எந்த வாய்க்காலிலும் தண்ணீர் வரும். அவள் மட்டும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. "வட்டி குறைஞ்சதால வேலை வந்தது சரி. ஆனா அந்த வேலை பக்கத்துத் தெரு நோட்டரிகிட்ட போகாம எங்கிட்ட ஏன் வந்தது?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடினால், டைரக்டரியை யார் திறந்து பார்க்கிறார்கள் என்ற இடத்துக்கு வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கடன் வாங்குபவர் பார்ப்பதில்லை. நோட்டரியைத் தேர்ந்தெடுப்பவர் அவரல்ல. கடன் கொடுக்கும் வங்கிக்கு ஒரு டைட்டில் கம்பெனி. டைட்டில் கம்பெனிக்கு பல சமயம் ஒரு சைனிங் சர்வீஸ், அதாவது நடுவில் நிற்கும் ஏற்பாட்டுக்காரர். அவர்தான் நோட்டரிக்கு போன் போடுகிறார். அவரிடம் ஏற்கனவே வேலை பார்த்துப் பழகிய பத்துப் பேர் இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் கிடைக்காதபோதுதான் அவர் பட்டியலைத் திறக்கிறார். மாதக் கடைசி, மாலை ஏழு மணி, நாளைக் காலைக்குள் கையெழுத்தாக வேண்டும் என்ற நிலை. அல்லது பழைய பத்துப் பேருக்கும் பாக்கி வைத்து அவர்கள் போனையே எடுக்காத நிலை. இரண்டாவது வகை ஆசாமியிடம் மாட்டிக்கொண்டு என் தங்கை மூன்று கையெழுத்துகளுக்குப் பணம் வராமல் எட்டு மாதம் ஈமெயில் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முதல் வகையில் வந்த ஒரு டைட்டில் கம்பெனிப் பெண் அவளை இரண்டு முறை பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டாள். மூன்றாம் முறை நேராக போனில் கூப்பிட்டாள். அதன்பின் பட்டியல் பக்கமே போகவில்லை. இன்றைக்கும் அவளிடமிருந்துதான் மாதத்துக்கு நாலைந்து வேலை வருகிறது. இதை டைரக்டரி கொடுத்த வேலை என்பதா? ஆரம்பம் அது. தொடர்ந்ததற்குக் காரணம், நூற்றைம்பது பக்கத்தில் ஒரு கையெழுத்துகூட விட்டுப்போகவில்லை என்பது.

என் அனுபவமும் ஏறக்குறைய இதுதான். மொழிபெயர்ப்பாளர்களுக்கு புரோஸ் என்று ஒரு தளம் உண்டு. நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸ் நகரில் 1999-இல் ஆரம்பித்தது. அதில் ஒரு விசேஷம், மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் கேட்கும் சொல் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னால் மதிப்பெண் கிடைக்கும். மதிப்பெண் ஏறினால் பட்டியலிலும் மேலே ஏறலாம். பணம் கட்டி ஏறுவதைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. அட்வர்ஸ் பொசஷனுக்குத் தமிழில் என்ன என்று யாரோ கேட்க, எதிரிடை அனுபோகம் என்று நடு இரவில் எழுதிக்கொண்டிருந்த நாட்கள் சந்தோஷமானவை. வேலை வந்ததா என்றால், பெரும்பாலும் வந்தது கூட்டமாக அனுப்பப்பட்ட கடிதங்கள். "அன்புள்ள மொழிபெயர்ப்பாளரே, உங்களுடைய மிகக் குறைந்த ரேட் என்ன?" என்பார்கள். பெயரைக்கூடப் போட மாட்டார்கள்.

உள்ளூர் டைரக்டரி ஒன்றிலும் பணம் கட்டி இருந்தேன். எது என்று சொல்ல விரும்பவில்லை. தினமும் 'லீட்' வரும். போன் செய்தால் எதிர்முனையில் இருப்பவர், "இப்பத்தான் சார் நாலு பேர் பேசினாங்க, அவங்க பக்கத்துக்கு நூறு ரூபாய்னு சொல்றாங்க" என்பார். சண்டிகரில் உள்ள நண்பர் ஒருவரை விட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் போடச் சொன்னேன். பதினைந்து நிமிடத்தில் அவருக்கு ஆறு போன் வந்தது. ஆறில் ஒன்று நான். மற்ற ஐந்து பேரில் இருவருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, வேறு யாரிடமாவது கொடுத்து வாங்கித் தருகிறவர்கள். அன்று ஒன்று புரிந்தது. அந்தக் கடையில் வாடிக்கையாளர், மொழிபெயர்ப்பு கேட்டு வந்தவரல்ல. சந்தா கட்டிய நாங்கள்தான். எங்கள் ஆறு பேருக்கும் ஒரே விசாரணையை விற்றால் ஆறு பேரும் அடுத்த வருடம் புதுப்பிப்போம் என்பது அவர்கள் கணக்கு. அடுத்த வருடம் நான் புதுப்பிக்கவில்லை. புதுப்பிக்கச் சொல்லி போன் செய்யும் பெண் மட்டும் இன்றும் அன்பாக விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

இத்தனை வருடத்தில் பட்டியல் கொடுத்த உருப்படியான வேலை என்று யோசித்தால் முதலில் நினைவுக்கு வருபவர் டொரன்டோவில் இருக்கும் ஒரு வக்கீல். அவருடைய கட்சிக்காரர் குடும்பத்தில் 1930-களில் எழுதப்பட்ட ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். டொரன்டோவில் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. கட்சிக்காரருடைய பிள்ளைகளே தமிழ் படிப்பார்கள். ஆனால் அந்தப் பத்திரத்தில் நில அளவெல்லாம் தமிழ் எண்களிலும் பழைய பின்ன வாய்பாட்டிலும் இருந்தது. மா, காணி, முந்திரி. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு என்று இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? எம்.ஏ. வகுப்பில் எதற்கு இதெல்லாம் என்று அலுத்துக்கொண்டு படித்தது அன்று சோறு போட்டது. அவர் என்னைத் தேடியதற்கு ஒரே காரணம், என் விவரக் குறிப்பில் 'பழைய பத்திரங்கள், தமிழ் எண்கள்' என்று ஒரு வரி இருந்ததுதான். அவரிடமிருந்து அவருடைய நண்பர்கள், நண்பர்களின் கட்சிக்காரர்கள் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. அவர்கள் யாரும் எந்தப் பட்டியலையும் பார்க்கவில்லை.

'தமிழ்-ஆங்கில மொழிபெயர்ப்பாளர்' என்ற தலைப்பின் கீழ் இருந்த என்னை விலை கேட்டார்கள். அந்த ஒரு வரியின் கீழ் இருந்த என்னிடம் வேலை இருக்கிறது என்று சொன்னார்கள். இதைத்தான் தங்கையிடமும் சொன்னேன். டல்லஸ் பகுதியில் நோட்டரிகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், தமிழ் பேசுகிற நோட்டரி எத்தனை பேர்? 'தமிழ்' என்று போடு என்றேன். போட்டாள். அதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் பிறகுதான் தெரிந்தது.

நம் ஊரில் என்ன நிலைமை என்று பார்த்தால் அந்தச் சிக்கலின் சுவை புரியும். இங்கே நோட்டரி ஒரு வக்கீல். வக்கீல் விளம்பரம் செய்து கட்சிக்காரர் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 36-ஆவது விதி. 2008-இல் கொஞ்சம் தளர்த்தி, சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு போன்ற விவரங்களை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் கறாராகப் பேசியது. சுலேகா, ஜஸ்ட்டயல், க்விக்கர் போன்ற தளங்கள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. ஆன்லைன் சேவைத் தளங்கள் வழியாக ஆள் பிடிக்கும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும், அத்தகைய விளம்பரங்களை அகற்ற வேண்டும் என்று பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீல் தொழில் வியாபாரமல்ல, சேவை என்றார்கள் நீதிபதிகள்.

டெல்லியில் பாட்டியாலா ஹவுஸ் கோர்ட் பக்கம் போய்ப் பார்த்தால், விளம்பரம் இல்லாமல் நம் நோட்டரிகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது தெரியும். வரிசையாக மேஜைகள். எல்லோரும் ஒரே இடத்தில். ஆட்டோக்காரரிடம் நோட்டரி என்று சொன்னாலே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். என் மொழிபெயர்ப்புகளில் பாதிக்கு அங்கேதான் முத்திரை வாங்குகிறேன். அந்த 1952-ஆம் வருடச் சட்டத்தின் எட்டாவது பிரிவில் நோட்டரியின் வேலைகளைச் சொல்லும்போது, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு ஆவணங்களை மொழிபெயர்ப்பது, மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது என்றும் இருக்கிறது. தமிழ் தெரியாத ஒருவர் என் தமிழ்ப் பத்திர மொழிபெயர்ப்பைச் 'சரிபார்த்து' முத்திரை குத்தும் அழகை நான் நாற்பது தடவையாவது பார்த்திருக்கிறேன். அமெரிக்கக் குடியேற்றத் துறை இந்த விஷயத்தில் நேர்மை. தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவரே கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறது. நோட்டரி கேட்பதில்லை. ஆனாலும் நம் ஆட்களுக்கு முத்திரை இல்லாத காகிதத்தின் மேல் நம்பிக்கை வராது.

ஆக, இங்கே நோட்டரி வக்கீல்; அதனால் விளம்பரம் கூடாது. டெக்சாஸில் நோட்டரி வக்கீலல்ல. அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் விளம்பரம் செய்யலாம். ஆனால் தன்னை வக்கீல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் 'நோட்டாரியோ' என்றால் நம் ஊரைப் போலவே பெரிய சட்ட நிபுணர். ஸ்பானிஷ் பேசும் ஏழைகள் அந்தச் சொல்லைப் பார்த்து ஏமாந்து, குடியேற்ற வழக்குகளைச் சாதாரண நோட்டரிகளிடம் கொடுத்து, பணத்தையும் வாழ்க்கையையும் இழந்தார்கள். அதனால் டெக்சாஸில் விளம்பரத்தில் 'நோட்டாரியோ பூப்ளிகோ' என்று போட்டுக்கொள்வது குற்றம். ஒரு மொழிபெயர்ப்பையே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்! என் தொழிலில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டுமா?

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. வக்கீலாக இல்லாத நோட்டரி ஆங்கிலமல்லாத எந்த மொழியில் விளம்பரம் செய்தாலும், தான் டெக்சாஸில் தொழில் செய்ய உரிமம் பெற்ற வக்கீல் அல்ல, சட்ட ஆலோசனை சொல்லவோ அதற்குக் கட்டணம் வாங்கவோ முடியாது என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலும் அந்த மொழியிலும் பளிச்சென்று தெரியும்படி போட வேண்டும். கட்டண விவரமும் வேண்டும். ஆங்கில விளம்பரத்தில் 'தமிழ் பேசுவேன்' என்று சொல்வது வேறு. தமிழிலேயே நாலு வரி எழுதலாம் என்று அவள் ஆசைப்பட்டதால் இது வந்தது.

அந்த அறிவிப்பை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு. இரண்டே வாக்கியம். இரண்டு நாள் ஆயிற்று. முதலில் சட்டத்துக்குப் பொருந்த எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்குண்ணா" என்றாள். சட்டத்தின் வாசகத்தைச் சுருக்கவும் முடியாது. உண்மையான தொந்தரவு நோட்டரி என்ற சொல்லிலேயே இருந்தது. 'சான்றுறுதி அலுவலர்' என்று அகராதியில் இருப்பதைப் போட்டால் ஒருவருக்கும் புரியாது. நோட்டரி என்றே போட்டால் திருநெல்வேலியிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருக்கும் பெரியவர் அதை நோட்டரி வக்கீல் என்றுதான் படிப்பார். ஸ்பானிஷ்காரர்களுக்கு நேர்ந்த அதே குழப்பம் தமிழிலும் காத்திருந்தது, அதைத் தடுக்க டெக்சாஸ் சட்டசபை எதுவும் செய்யவில்லை. கடைசியில் சட்ட வாசகத்துக்கு மேலே, 'வக்கீல் அல்ல. கையெழுத்துக்குச் சான்று மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தோம்.

அழைப்புகள் வந்தன. 2025 பிப்ரவரியிலிருந்து ஆறு மாதம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். தமிழில் பேசிய அழைப்புகள் 43. வேலையாக முடிந்தவை 11. வீட்டுக் கடன் ஒன்றுகூட இல்லை. அந்த மேலே சேர்த்த வரியை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. தம்பி சொத்தை எழுதி வாங்கிவிட்டான், என்ன செய்யலாம்? கிரீன் கார்டு எப்போது வரும்? மருமகள் இப்படிச் சொல்கிறாள், கேஸ் போட முடியுமா? ஒரு அம்மா நாற்பது நிமிடம் பேசிவிட்டுக் கடைசியில், "சரிம்மா, உன்கிட்ட சொன்னதே ஆறுதல்" என்று வைத்துவிட்டாராம். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வேலையாக முடிந்தவற்றில் முக்கால்வாசி பவர் பத்திரங்கள். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஃபிளாட்டை விற்க அண்ணனுக்கு அதிகாரம் கொடுப்பது. வெளிநாட்டில் வசிப்பவர் எழுதிக் கொடுக்கும் பவர், அங்குள்ள நோட்டரி முன்னிலையிலோ இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையிலோ கையெழுத்தாகலாம் என்று 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஒன்று ஓய்வூதியர் லைஃப் சர்டிபிகேட். உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்குச் சான்று. கிரீன் கார்டு வைத்திருந்த முன்னாள் ஆசிரியர், எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "நல்லா பாத்துக்கம்மா, அப்புறம் இல்லைன்னு சொல்லிடாத" என்றிருக்கிறார்.

முடியாமல் போனவையும் சொல்ல வேண்டும். டெக்சாஸ் சட்டப்படி ஆளை அடையாளம் காண அமெரிக்க அரசோ மாநில அரசோ கொடுத்த அட்டை வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட்டைக் குடியிருப்பு வீடு சம்பந்தமான பத்திரங்களுக்கு மட்டும் ஏற்கலாம். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பாவிடம் இந்திய பாஸ்போர்ட் தவிர என்ன இருக்கும்? ஃபிளாட் என்றால் சரி. தஞ்சாவூர்ப் பக்கத்து நஞ்சை என்றால் முடியாது. இருபத்தைந்து மைல் காரோட்டிப் போய், பத்திரத்தைப் பிரித்துப் பார்த்து, இது வயல், ஹூஸ்டன் இந்தியத் தூதரக அலுவலகம் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லித் திரும்பியிருக்கிறாள். இப்போது போனிலேயே முதல் கேள்வி, "வீடா, வயலா?"

ஆறு மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு அவள் கணவர், சந்தாவுக்குச் செலவழித்ததைப் போல இரண்டு மடங்கு வந்திருக்கிறதே, பிறகென்ன என்றார். அவர் கணக்கு சரிதான். பேசிய மணி நேரங்களை அவர் கூட்டவில்லை. நான் கூட்டினேன். அந்த மணி நேரத்துக்கு அவள் அந்த டைட்டில் கம்பெனிப் பெண்ணைப் போல இன்னும் மூன்று பேரின் ஆபீசுக்கு நேரில் போய்த் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்திருந்தால் அதிகம் கிடைத்திருக்கும் என்பது என் கட்சி. நேரில் போய் வேலை கேட்க அவளுக்குக் கூச்சம். பட்டியல் அந்தக் கூச்சத்துக்கு நல்ல மறைப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இன்னொன்றையும் அந்த நோட்டு காட்டியது. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்கச் சொல்லியிருந்தேன். "நெட்ல பார்த்தேன்" என்பதுதான் பெரும்பாலோர் பதில். துருவிக் கேட்டால், கோயிலில் யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள், பிறகு நெட்டில் தேடினார்கள், டைரக்டரியில் போட்டோவும் நட்சத்திரமும் பின்னணிச் சோதனை முடித்தவர் என்ற குறிப்பும் இருந்தது, சரி நம்பலாம் என்று கூப்பிட்டார்கள். வேலையைக் கொண்டுவந்தது கோயில் வாசல். டைரக்டரி சாட்சிக் கையெழுத்துப் போட்டது. சாட்சிக்கு நான்கு பேர் தேவையில்லை என்று இரண்டு டைரக்டரிகளை நிறுத்திவிட்டாள். சைனிங் சர்வீஸ்காரர்கள் பார்க்கும் ஒன்றும் தமிழ் அறிவிப்பு உள்ள ஒன்றும் தொடர்கின்றன. இலவசமாகக் கூகுள் வரைபடத்தில் போட்டது தனி.

நிறுத்துவதா வேண்டாமா என்று அவள் ரொம்பவும் தயங்கியது அந்தத் தமிழ் டைரக்டரி விஷயத்தில்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். எழுபத்திரண்டு வயதுப் பெரியவருக்கு மறுநாள் காலை ஆபரேஷன். தனக்கு நினைவு தப்பினால் மருத்துவ முடிவுகளை யார் எடுப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே நோட்டரி முன்னிலையிலோ தகுதியுள்ள இரண்டு சாட்சிகள் முன்னிலையிலோ கையெழுத்தாகலாம். பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது. மகன்தான் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரம் கிடைக்கப்போவதும் அந்த மகனுக்கே என்பதால் ஆஸ்பத்திரி சமூக சேவகிக்கு மனசு ஒப்பவில்லை. அவரே பட்டியலில் தமிழ் தெரிந்த நோட்டரியைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

இவள் போய் மகனை அறைக்கு வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பெரியவரிடம் தமிழில் கேட்டாள். "ஐயா, இது என்ன காகிதம்னு உங்களுக்குத் தெரியுமா?" பெரியவர் நன்றாகத் தெரியும் என்றார். தனக்கு ஏதாவது ஆனால் முடிவெடுக்கிற பொறுப்பை மகளுக்குக் கொடுக்கிற காகிதம் என்றார். பத்திரத்தில் இருந்தது மகன் பெயர். மகள் சிங்கப்பூரில் இருந்தாள். வீட்டில் யாரும் ஏமாற்ற நினைத்ததாகத் தெரியவில்லை. அவசரத்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இவள் சட்டம் பேச முடியாது. சமூக சேவகியைக் கூப்பிட்டு, அவர் சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். புது ஃபாரம் வந்தது. மகள் பெயர் எழுதி, சிங்கப்பூருக்கு போன் போட்டு, நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்தாயிற்று.

சான்றுக்கு 10 டாலர், போக்குவரத்துக்கு 40. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஒரு வாரம் கழித்துத் தகவல் சொன்னவர் அந்த மகன்தான். தன் நண்பர்கள் இருவருக்கு அவள் நம்பரைக் கொடுத்திருப்பதாகவும் சொன்னாராம்.